ஸ்கிரீன்ஷாட் சரி, அந்தப் பழைய போன் எங்கே?

நாமக்கல் மாவட்டத்துச் சிறிய ஊர் ஒன்றில் தையல் கடை வைத்திருக்கும் 43 வயது வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கம் மட்டும் தருகிறேன்.

கணவரோடு முன்பு ஒரே மில்லில் வேலை பார்த்தவர், இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். "அக்கா, அக்கா" என்று பழகியவர். மனைவியின் ஆபரேஷன் என்று சொல்லி 2023 ஆகஸ்ட் 11, 12 தேதிகளில் 1,50,000 ரூபாய், 2024 ஜனவரி 8இல் 1,00,000, மார்ச் 20இல் 60,000 வாங்கியிருக்கிறார். எல்லாம் ஜிபே. பத்திரம் இல்லை, வட்டி பேசவில்லை. 2024 நவம்பரில் 20,000 மட்டும் திரும்ப வந்தது. "தை பொறந்ததும் குடுத்துடுறேன்க்கா" என்ற வாட்ஸ்அப் செய்தி இரண்டு தைகளுக்கு வந்தது, அப்புறம் நின்றுபோனது. உள்ளூர் வக்கீல் 25,000 கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், "எதுக்கும்மா வக்கீல்?" என்று ஒரு ஏஐ செயலியில் விஷயத்தைப் போட்டு, ஆங்கிலத்தில் மூன்று பக்க நோட்டீஸ் தயாரித்துக் கொடுத்திருக்கிறான். இதை அனுப்பலாமா? ஸ்கிரீன்ஷாட் சாட்சியாகுமா? வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் வழக்குப் போட முடியுமா? அவர் படத்தை சொந்தக்காரர் குரூப்பில் போட்டால் பணம் வருமா? கணவர் சொல்வதுபோல் விட்டுத் தொலைத்துவிடலாமா? கடைசி வரியில், போகிறபோக்கில் ஒரு தகவல்: டிஸ்பிளே உடைந்த பழைய போனை அடுத்த வாரம் எக்ஸ்சேஞ்சில் போட்டால் 1,500 ரூபாய் கழித்துக்கொள்வார்களாம்.

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1,500 ரூபாய்க்கு வழக்கை விற்காதீர்கள்

அந்தப் போனைக் கொடுக்காதீர்கள். ரிப்பேருக்கும் கொடுக்க வேண்டாம். ரிப்பேர் கடையில் முதலில் செய்வது ரீசெட்டாக இருந்தாலும் இருக்கலாம். புதிய போனில் பழைய உரையாடல் வரவில்லை, பேக்கப் எடுத்து வைக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2023, 2024இல் அவர் உங்களுக்கு அனுப்பிய செய்திகளின் அசல் உங்கள் கையில் இருப்பது அந்த உடைந்த போனில் மட்டும்தான். மகன் லேப்டாப்பில் சேர்த்து வைத்திருக்கும் முப்பத்தேழு ஸ்கிரீன்ஷாட்டும் அதன் நிழல்கள்.

நிழலும் நீதிமன்றத்தில் செல்லும், ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. அதன் 63ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் கூடவே ஒரு சான்றிதழும் வைக்க வேண்டும். பழைய சட்டத்தில் இதே விஷயம் 65பி என்ற பெயரில் இருந்தது. வக்கீல்கள் வாயில் இன்னும் அந்தப் பெயர்தான். சான்றிதழில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் போனை வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்: எந்தப் போன், என்ன மாடல், ஐஎம்இஐ எண் என்ன, எப்படி நகல் எடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் வரும். இரண்டாம் பகுதியில் நிபுணர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் நீதியை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள், சின்ன ஊரில் அந்த இரண்டாம் பகுதியில் கையெழுத்துப் போடும் நிபுணரை எங்கே போய்த் தேடுவது என்று பேசுவதில்லை. தையல் கடை வைத்திருப்பவர் மூன்று லட்சத்துக்கு வழக்குப் போட ஹாஷ் மதிப்பு கணக்கிட வேண்டியிருக்கிறது. போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது எவ்வளவு சுலபம் என்று பார்த்தால் சட்டம் ஏன் இப்படிக் கறாராக இருக்கிறது என்பதும் புரிகிறது. அந்தச் சுமை உங்கள் தலையில் விழுகிறது என்பதும் உண்மை.

அதனால்தான் போன் முக்கியம். 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: நகல் வைத்தால் சான்றிதழ் கட்டாயம், அசல் கருவியையே கொண்டுவந்து, அதன் உரிமையாளர் கூண்டில் ஏறி அது தன்னுடையது என்று நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை. பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. புதிய சட்டத்தில் வழக்குப் போடுவதால் சான்றிதழையும் தயார் செய்துவிடுவதே பாதுகாப்பு. ஆனால் கையில் அசல் இருந்தால் எதிர்த்தரப்பு "இதெல்லாம் ஜோடித்தது" என்று சொல்லும்போது உங்கள் குரல் நடுங்காது.

வாட்ஸ்அப்பைவிடக் கனமான சாட்சி உங்கள் பாஸ்புக். வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து, 2023 ஆகஸ்ட் முதல் 2024 டிசம்பர் வரையிலான கணக்கு விவரத்தைக் கிளையின் சான்றொப்பத்தோடு வாங்குங்கள். வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891 என்று ஒரு பழைய சட்டம் இதற்கென்றே இருக்கிறது. செயலியிலிருந்து எடுத்த பிடிஎஃப் வேறு, இது வேறு. பணம் போனது இதில் நிரூபணமாகிவிடும். அது கடன்தான், அன்பளிப்போ பழைய பாக்கியோ இல்லை என்பதைக் காட்டத்தான் வாட்ஸ்அப். ரொக்கமாகக் கொடுக்காமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அவரோடு பேசியதைப் பதிவு செய்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களே கலந்துகொண்ட உரையாடல்தான் என்பதால் அதையும் முன்வைக்கலாம், அதே சான்றிதழோடு. முக்கியமான இடம் மட்டும் இருக்கட்டும் என்று மகன் வெட்டி வைத்திருக்கிறானே, அந்தத் துண்டு வேண்டாம். முழுப் பதிவும் வேண்டும்.

தேதி விஷயத்தில் செயலி சொன்னதை நம்பாதீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே பதற வைத்தது இதுதான். "கடைசியாக 20,000 வந்தது 2024 நவம்பர், அதனால் 2027 நவம்பர் வரை நேரம் இருக்கிறது" என்று செயலி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதி சரி. பாதி சரியான பதில்தான் ஆபத்து, ஏனென்றால் நம்பத் தோன்றும்.

காலவரம்புச் சட்டம் 1963இன்படி கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு மூன்று வருடம். கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இடையில் பகுதிப் பணம் கட்டினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று 19ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் பணம் கட்டியதற்கான ஒப்புகை, கட்டியவரின் கையெழுத்தில் அல்லது அவர் கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கடனை ஒப்புக்கொள்வதைப் பற்றிய 18ஆவது பிரிவிலும் எழுத்தும் கையொப்பமும் வேண்டும். ஜிபே அனுப்பியதும் "குடுத்துடுறேன்க்கா" என்று தட்டச்சு செய்ததும் கையொப்பமிட்ட எழுத்தாகுமா? ஆகும் என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் உங்கள் சேமிப்பை அந்த ஒரு வாதத்தின் மேல் வைக்கச் சொல்ல மாட்டேன். "தை மாதம்" என்று தவணை சொன்னதை வைத்து நாளைத் தள்ளிப் பார்க்கவும் வழி உண்டு. அதுவும் வாதம்தான்.

ஆகவே 2026 ஆகஸ்ட் 11ஐக் கடைசி நாளாகக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அதற்குள் பிராது, அதாவது வழக்கு மனு, நீதிமன்றத்தில் ஏறியிருக்க வேண்டும். நோட்டீஸ் அனுப்பினால் நேரம் நின்றுவிடும் என்பது பலருக்கும் உள்ள தவறான எண்ணம். நிற்காது.

இன்னொரு சுலபமான வழி. அவர் உங்களை இன்னும் "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். நேரில் போய், 2,90,000 பாக்கி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்க முடியுமா பாருங்கள். காலவரம்பு முடிவதற்குள் வாங்கினால் அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம். முப்பத்தேழு ஸ்கிரீன்ஷாட் செய்ய முடியாததை அந்த ஒரு தாள் செய்துவிடும். கணவரையும் பொதுவான ஒருவரையும் கூட்டிப் போங்கள். மிரட்டி வாங்கியதாகப் பின்னால் பேச்சு வரக்கூடாது.

அந்த மூன்று பக்க நோட்டீஸ்

நீங்கள் இணைத்திருந்ததைப் படித்தேன். ஆங்கிலம் என் ஜூனியர் எழுதுவதைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

அதில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. தேடிப் பார்த்தேன். ஒன்றின் எண்ணில் இருப்பது நில எடுப்பு இழப்பீடு வழக்கு. இன்னொன்று அந்தப் பெயரில் எங்குமே இல்லை. இந்தச் செயலிகள் தீர்ப்பு மாதிரி தோன்றும் ஒன்றைக் கோத்துக் கொடுத்துவிடுகின்றன; வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, உண்மை எது என்று அவற்றுக்குத் தெரிவதும் இல்லை. உங்கள் மகன் மட்டும் ஏமாறவில்லை. 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா என்ற வழக்கில் அனுபவமுள்ள வக்கீல்களே இப்படி இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இங்கே கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், கீழமை நீதிமன்றங்களில் தீர்ப்பு முடிவெடுக்க ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கையே வகுத்துவிட்டது.

இல்லாத தீர்ப்பைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறு இரண்டு வரி. ஒன்று, "ஒப்புக்கொண்டபடி ஆண்டுக்கு 24 சதவீத வட்டியுடன்" என்பது. வட்டியே பேசவில்லை என்கிறீர்கள். செயலி தானாகச் சேர்த்துவிட்டது. இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், அவருடைய வக்கீல் அதை அப்படியே எடுத்து, "இந்த அம்மா வட்டிக்கு விடுகிறவர், உரிமம் எங்கே?" என்று கேட்பார். கந்துவட்டியைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் காவல் நிலையத்தில் மனுவும் கொடுக்கலாம். அது நிற்காமல் போகலாம், ஆனால் பணம் கொடுத்த நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு அலைவீர்கள். வட்டி வேண்டுமென்றால் நேர்மையான வழி இருக்கிறது: தொகையைத் திருப்பிக் கேட்டு, தராவிட்டால் இந்தத் தேதியிலிருந்து வட்டி கோருவோம் என்று நோட்டீஸில் சொன்னால், அந்த நாளிலிருந்து நீதிமன்றம் வட்டி தர வட்டிச் சட்டம் 1978 இடம் கொடுக்கிறது.

இரண்டாவது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் மோசடி வழக்குப் போட்டு உள்ளே தள்ளுவோம் என்ற வரி. நீங்கள் பணம் கொடுத்ததெல்லாம் 2024 ஜூலைக்கு முன். குற்றம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420தான் பொருந்தும். புதிய சட்டம் அன்றைக்கு அமலிலேயே இல்லை. அது போகட்டும், வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டுமே மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். மனைவிக்கு ஆபரேஷனே நடக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் யோசிக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. போலீஸைக் கைக்கடன் வசூலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இதோடு ஒரு கவலை. நோட்டீஸ் தயாரிக்க மகன் அந்தச் செயலியில் அவருடைய ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், முழு உரையாடல் எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறான். வக்கீலிடம் நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லாமல் இருக்கச் சட்டம் காவல் வைத்திருக்கிறது. சாக்ஷிய அதினியத்தின் 132ஆவது பிரிவு. செயலிக்கு அந்தக் கடமை கிடையாது. இனிமேல் கேட்பதானால் பெயர், எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சம்பவங்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள், வந்த ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் அது நல்ல குமாஸ்தா. வந்ததை ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பதும் குமாஸ்தாவைப் போலத்தான்.

நோட்டீஸ் தமிழிலேயே ஒரு பக்கம் போதும்: எந்தத் தேதியில் எவ்வளவு, எவ்வளவு திரும்பி வந்தது, பாக்கி எவ்வளவு, எத்தனை நாளில் தர வேண்டும். பதிவுத் தபாலை அஞ்சல் துறை 2025இல் விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டது. அதனால் விரைவு அஞ்சலில், சேர்ந்ததற்கான ஆதாரம் கிடைக்கும்படி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி போடலாம். அது மட்டும் போதாது.

வீட்டிலிருந்தே வழக்கு

முடியும் என்றும் முடியாது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இ-ஃபைலிங் தளத்தில் வக்கீல் இல்லாமல் நேரடியாக வழக்காடுபவராகவும் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணத்தையும் ஆன்லைனில் செலுத்த வழி இருக்கிறது. சில விசாரணைகள் காணொலியிலும் நடக்கின்றன. ஆனால் ஏற்றிய பிராதில் குறை இருந்தால் திரும்பி வரும். திருத்தித் திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும், காகிதப் பிரதியும் கேட்பார்கள். கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு நீங்கள்தான் கூண்டில் நிற்க வேண்டும். காலவரம்பை வைத்துத்தான் உங்களை மடக்கப் பார்ப்பார்கள் என்பது எனக்கு இப்போதே தெரிகிறது. அந்த இடத்தில் கைபேசித் திரை உதவாது.

ஆனால் உங்கள் மகனின் ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவனுக்கு உருப்படியான வேலை இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் திருப்பூர் நீதிமன்றங்களைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். "இன்னும் நாலு பேருக்கு அவர் பாக்கி" என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதில் எவ்வளவு உண்மை என்று தெரியவரும். செக் வழக்குகள் வரிசையாக இருந்தால் உங்கள் முடிவே மாறலாம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், முகவரியும் தகப்பனார் பெயரும் பார்க்க வேண்டும். அடுத்து, ஊரில் அவருக்கு வீடு இருக்கிறது என்றீர்கள். சர்வே எண் கிடைத்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்த வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதா, அடமானத்தில் இருக்கிறதா என்பது வழக்குக்கு முன் தெரிந்தாக வேண்டும். டிகிரி, அதாவது பணத்தைக் கொடு என்ற நீதிமன்றத் தீர்ப்பாணை, வாங்குவது பாதி தூரம்தான். பணமாக மாற்ற நிறைவேற்று மனு போட வேண்டும். அவர் சம்பளக்காரர் என்பதால் சம்பளத்தில் ஒரு பகுதியை ஜப்தி செய்யவும் வழி உண்டு.

இந்தத் தேடலுக்கெல்லாம் நான் தொழிலுக்கு வந்த காலத்தில் குமாஸ்தாவுக்குப் பஸ் சார்ஜ் கொடுத்துத் திருப்பூருக்கு அனுப்ப வேண்டும். அடுத்த வாய்தா எப்போது என்று கேட்கக்கூடக் கட்சிக்காரர் கோர்ட் வாசலில் நிற்பார். இன்று வழக்குக்கென்று தரப்படும் 16 இலக்க அடையாள எண்ணான சிஎன்ஆர் எண் இருந்தால் உங்கள் கடையில் தைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். வக்கீல் சொல்வது உண்மையா என்றும் சேர்த்துத்தான். எங்கள் ஆட்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

25,000 அதிகமா?

கோர்ட் கட்டணம் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டீர்களா? தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கட்டணம் 7.5 சதவீதமாக இருந்து 2017இல் 3 சதவீதமாகக் குறைந்தது. 2,90,000க்கு 8,700 ரூபாய். அதுவும் சேர்த்துத்தான் 25,000 என்றால், வழக்கு முடியும்வரை என்றால், அநியாயமில்லை. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் அதைக்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் 12ஆவது பிரிவுப்படி, பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குக்கு முந்தைய மனுவாக லோக் அதாலத்தில் போட்டால் கட்டணம் கிடையாது. சமரசமானால் அந்த முடிவு நீதிமன்ற டிகிரிக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. "அக்கா" என்று கூப்பிடுகிற ஆளுக்கு நான் முதலில் இதைத்தான் முயல்வேன். மாதம் பத்தாயிரம் என்று தவணை பேசி முடிவாகிற வழக்குகள் இங்கே நிறைய. ஒன்று மட்டும்: அந்த மனு நிலுவையில் இருக்கிறது என்று ஆகஸ்ட் 11ஐ விட்டுவிடாதீர்கள். ஜூலை தொடக்கத்துக்குள் முடியவில்லை என்றால் பிராதைத் தாக்கல் செய்துவிட்டுச் சமரசத்தைத் தொடரலாம்.

குரூப்பில் படம் போடுவது வேண்டவே வேண்டாம். கடன் வாங்கியது உண்மையாக இருந்தாலும் "திருடன்", "மோசடிக்காரன்" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், அதற்கான ஸ்கிரீன்ஷாட்டை உங்கள் சொந்தக்காரர் ஒருவரே எடுத்துக் கொடுப்பார்.

கணவர் விட்டுவிடச் சொல்வதில் உள்ள அலுப்பு எனக்குப் புரிகிறது. அந்த நண்பரை அறிமுகப்படுத்தியவர் அவர்தான் என்பதையும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வில்லங்கமும் வழக்குத் தேடலும் முடிந்ததும், அவரிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் விடுவதும் ஒரு கணக்குதான். அதைத் தெரிந்துகொண்டு விடுங்கள்.

இந்த வாரம் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பாஸ்புக், வங்கி கொடுத்த விவரம், ஆதார், அப்புறம் அந்த உடைந்த போன். சார்ஜரையும் எடுத்துப் போங்கள். அந்தப் பழைய பின் சார்ஜர் இப்போது எந்த ஆபீசிலும் கிடைப்பதில்லை.